கிரியேட்டினின் 1.3 'நார்மல்' என்கிறது லேப். மாத்திரை அளவை யார் பார்ப்பது?

#1 வைகைக்கரை (மதுரை)

அம்மாவுக்கு வயது 72, எடை 46 கிலோ, உயரம் 150 செ.மீ. சர்க்கரையும் பிரஷரும் நெடுநாளாக இருக்கின்றன. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.3 என்று வந்தது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவு 0.6 முதல் 1.3 வரை. விளிம்பில் நின்றாலும் உள்ளேதான் இருக்கிறது என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சாப்பிடும் மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 மி.கி.யும் கிளிமிபிரைடு 2 மி.கி.யும் சேர்ந்தது, காலையும் இரவும். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது, காலையில் ஒன்று. கால் எரிச்சலுக்கு நரம்பு டாக்டர் எழுதிய பிரீகாபலின் 75 மி.கி., இரண்டு வேளை. முட்டி வலிக்கு எலும்பு டாக்டர் கொடுத்த அசிக்ளோஃபினாக்-பாரசிட்டமால், அதுவும் இரண்டு வேளை. இத்தனையும் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை.

கொஞ்ச நாளாக டி.வி. பார்த்துக்கொண்டே தூங்கி விழுகிறார். எழுந்து நடந்தால் தள்ளாடுகிறார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் வீட்டில். எனக்கென்னவோ மாத்திரை மேல்தான் சந்தேகம். மூன்று டாக்டர்களில் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவு குறைக்க வேண்டியது இதில் ஏதாவது இருக்கிறதா?

#2 நெஃப்ரான் (சிறுநீரக மருத்துவர், கோவை)

சந்தேகம் நியாயமானதுதான். முதலில் அந்த 1.3ஐப் பார்ப்போம்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. ஜிம்முக்குப் போகும் 30 வயது ஆணுக்கு 1.3 என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். 46 கிலோ எடையுள்ள 72 வயது அம்மாவிடம் தசையே குறைவு. அவருக்கு 1.3 வந்தால் வடிகட்டும் திறன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். லேப் அச்சிடும் அளவு இந்த இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மருந்து அளவுக்கென்று நெடுநாளாகப் புழங்குவது 1976ல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம். 140லிருந்து வயதைக் கழித்தால் 68. எடையால் பெருக்கினால் 3128. கீழே 72 பெருக்கல் 1.3, அதாவது 93.6. வகுத்தால் 33.4. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். விடை நிமிடத்துக்கு 28 மி.லி.

இப்போது சில லேப்கள் கிரியேட்டினின் பக்கத்திலேயே அச்சிடும் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, வேறு சூத்திரம். 2021ல் திருத்திய சி.கே.டி.-எபி கணக்கில் இதே அம்மாவுக்கு 44 வரும். அந்த எண் 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ள ஆளுக்கென்று சரிக்கட்டியது. உங்கள் அம்மாவின் உடல் பரப்பு ஏறத்தாழ 1.38தான். அவருடைய உடலுக்கு மாற்றினால் 35. ஆக ஒரே ரத்தம், மூன்று எண்: 44, 35, 28. லேப் சொன்ன 'நார்மல்' இந்த மூன்றில் எதிலும் இல்லை.

இன்னொன்று. தூங்கி விழும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்தீர்களா? சோடியம் பார்த்தீர்களா? மாத்திரைப் பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன். இந்த இரண்டையும் இன்றைக்கே பாருங்கள்.

#3 கணக்குப்பிள்ளை (சென்னை)

நான் மருத்துவர் இல்லை. கேட்கிறேனே என்று நினைக்க வேண்டாம். 44, 35, 28 என்று மூன்று எண் கொடுத்தால் எதை வைத்து மாத்திரை எழுதுவது? 44க்கு ஓர் அளவு, 28க்கு வேறோர் அளவு என்றால் இது மருத்துவமா, சீட்டுக் குலுக்கலா?

#4 நெஃப்ரான்

நல்ல கேள்வி. எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் போன்றவற்றின் வரம்புகளே இ.ஜி.எஃப்.ஆர். எண்ணில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே அதையே எடுத்துக்கொள்வேன். பிரீகாபலின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் புதிய மாத்திரைகள் இவற்றின் அட்டவணை காக்ராஃப்ட்-கால்ட் எண்ணில் இருக்கிறது. அதற்கு அது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2019ல் இதைத்தான் சொன்னது: 75 வயதைத் தாண்டியவர்கள், மிகவும் ஒல்லியானவர்கள், மிகவும் பருமனானவர்கள், கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும் மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்கு லேப் தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பாதீர்கள் என்று.

இரண்டு எண்ணும் ஒரே பக்கம் காட்டினால் பேச்சே இல்லை. முரண்பட்டால் மருந்தைப் பார்க்க வேண்டும். கூடினால் ஆபத்தான மருந்து என்றால் சின்ன எண்ணை எடுங்கள். குறைந்தால் ஆபத்தான மருந்து, உதாரணத்துக்குக் கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் என்றால், சின்ன எண்ணைப் பார்த்துப் பயந்து அளவைக் குறைத்துவிடாதீர்கள்.

சூத்திரம் எதுவாக இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. கிரியேட்டினின் நிலையாக இருக்க வேண்டும். நேற்று 1.3, இன்று 2.1, நாளை 3 என்று ஏறிக்கொண்டிருப்பவருக்கு எந்தச் சூத்திரமும் செல்லாது. அவருடைய உண்மையான வடிகட்டல் ஏறத்தாழப் பூஜ்யத்தில் இருக்கும், தாளில் மட்டும் 40 என்று வரும்.

#5 வைகைக்கரை

டாக்டர், சொன்னபடி பார்த்தோம். சாயங்காலம் தூங்கி விழும்போது சர்க்கரை 62. வெல்லம் கொடுத்ததும் கொஞ்சம் தெளிந்தார். சோடியம் 127 என்று வந்திருக்கிறது. இது குறைவா?

#6 நெஃப்ரான்

குறைவுதான், 135க்கு மேல் இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மாத்திரை வயதான ஒல்லியான பெண்களிடம் செய்யும் வழக்கமான வேலை இது. உப்பைக் கூட்டிச் சாப்பிட்டுச் சரிசெய்யலாம் என்று இறங்காதீர்கள். தூக்கமும் தள்ளாட்டமும் இருப்பதால் நாளைக்குத் தள்ளிப்போடாமல் இன்றே நேரில் காட்டுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டு மட்டும் போதாது.

உங்கள் பட்டியல். அங்கே டாக்டரிடம் கேட்பதற்காகச் சொல்கிறேன், நீங்களாக நிறுத்துவதற்காக அல்ல.

பிரீகாபலின் கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. கல்லீரல் அதைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். மருந்து நிறுவனம் தரும் அட்டவணையில் காக்ராஃப்ட்-கால்ட் எண் 15க்கும் 30க்கும் இடையில் உள்ளவருக்கு ஒரு நாளைய உச்ச அளவே 150 மி.கி.தான். அது சிறுநீரகம் நன்றாக உள்ளவர் 600 மி.கி. எடுப்பதற்குச் சமம். உங்கள் அம்மா எடுப்பது 75 இரண்டு வேளை, சரியாக 150. நரம்பு டாக்டர் எழுதியது வழக்கமான ஆரம்ப அளவு. அவருக்கு அது ஆரம்பம், இந்த அம்மாவுக்கு அது உச்சம். நாளைக்கே முழுசாக நிறுத்திவிடவும் கூடாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் நாளைக்கு 2000 மி.கி. போகிறது. இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே வந்தால் பாதியாக்கி 1000க்குள் நிறுத்துவது வழக்கம், 30க்குக் கீழே என்றால் முழுவதும் நிறுத்த வேண்டும். அவர் 44ல் நிற்கிறார். இதில் அவசரம் இல்லை, ஆனால் குறைக்க வேண்டியதுதான்.

கிளிமிபிரைடுதான் அந்த 62. சிறுநீரகம் சுணங்கினால் இந்த வகை மாத்திரையும் சரி, இன்சுலினும் சரி, உடம்பில் அதிக நேரம் தங்கும். சர்க்கரை தானாகவே நன்றாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்று நோயாளிகள் சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்குப் பயம்தான் வரும். பழைய கிளிபென்கிளமைடு இதைவிட மோசம், சிறுநீரகம் கெட்டவர் பக்கமே அது வரக் கூடாது. வேறு வகைச் சர்க்கரை மாத்திரைகளில் லினாக்ளிப்டின் என்றால் அளவே மாற்ற வேண்டாம். சிட்டாக்ளிப்டின் என்றால் 45க்குக் கீழே 50 மி.கி., 30க்குக் கீழே 25.

அசிக்ளோஃபினாக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் வலி மாத்திரையாக இருந்தால்கூட யோசிப்பேன். இங்கே அது டெல்மிசார்டனோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்து போகிறது. சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது, வெளியே போகும் குழாயை டெல்மிசார்டன் தளர்த்துகிறது, நீர் மாத்திரை மொத்த ரத்த அளவையே குறைக்கிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் படுத்துவிடும். சாதாரண நாளில் தாங்குவார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் தாங்க மாட்டார்.

கேஸ் மாத்திரை: ஏன் எடுக்கிறார் என்று கேளுங்கள். வலி மாத்திரை நின்றால் அதற்கும் வேலை இருக்காது.

#7 கல்லாப்பெட்டி (மருந்தாளுநர், தேனி)

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கிட்னிக்காரர் பாரசிட்டமால் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அவர் கடைக்கு வந்து, பாரசிட்டமால் போட்ட வலி மாத்திரை குடுங்க என்கிறார். கொடுக்கப்படுவது அசிக்ளோஃபினாக்-பாரசிட்டமால், சில நேரம் கூடவே செராட்டியோபெப்டிடேஸ். அட்டையில் பாரசிட்டமால் என்று பார்த்துத் திருப்தியோடு போய்விடுகிறார். டைக்ளோஃபினாக்-பாரசிட்டமால், ஐபுபுரூஃபன்-பாரசிட்டமால் எல்லாம் இதே கதை. வெறும் பாரசிட்டமால் வேண்டுமென்றால் அட்டையில் ஒரே ஒரு மருந்தின் பெயர்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் செட் மாத்திரை. காய்ச்சல், உடம்பு வலி என்று வந்து நின்றால் நான்கைந்து உதிரி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பெயர் கிடையாது, அட்டை கிடையாது. உள்ளே ஒரு வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு கட்டாயம் இருக்கும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாரம் தவறாமல் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எந்த டாக்டர் கேட்டாலும், ஒண்ணும் சாப்பிடலை சார் என்றுதான் பதில் வரும். அவர்கள் கணக்கில் அது மாத்திரையே இல்லை.

எங்களிடமும் தகவல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டில் பெயர், வயது, மருந்து இருக்கும். கிரியேட்டினின் எழுதிய சீட்டை நான் பார்ப்பது அபூர்வம். எடை குழந்தைகளுக்கு மட்டும்தான் எழுதுகிறார்கள்.

#8 மூணாம்நம்பர் டோக்கன் (பொது மருத்துவர்)

எல்லாம் சரிதான், நெஃப்ரான் சார். ஆனால் உங்கள் ஓ.பி.யில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். எங்கள் கிளினிக்கில் சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. முதுகு வலி என்று வந்தவர் ஊசி போடவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவரிடம் முதலில் கிரியேட்டினின் எடுத்து வாருங்கள், அப்புறம்தான் மருந்து என்று எந்த முகத்தோடு சொல்வது?

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. இப்படிப்பட்ட இழைகளைப் படித்துவிட்டு ஜனங்கள் நல்ல மருந்தை நிறுத்துகிறார்கள். பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி டெல்மிசார்டனை நிறுத்திய ஒருவர் 190 பிரஷரோடு வந்து நின்றார். அவர் கிட்னியைக் கெடுக்கப்போவது மாத்திரையா, பிரஷரா? அளவு மீறிய மருந்தால் கெட்டவர்களையும், பயந்து மருந்தை விட்டுக் கெட்டவர்களையும் எண்ணினால், என் அனுபவத்தில் இரண்டாவது கூட்டம்தான் பெரிது.

#9 நெஃப்ரான்

இரண்டாவது பத்தியில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். நான் டெல்மிசார்டனை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே பட்டியலில் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்தே அதுதான். ஆரம்பித்த பிறகு கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரை ஏறினால் தொடரலாம். 1.4 இருந்தது 1.6 ஆனால் அது 14 சதவீதம். அதைப் பார்த்து நிறுத்துவது பெரிய தவறு. பிரிட்டனில் சிறுநீரகம் மிகவும் கெட்ட நிலையில் இருந்தவர்களிடம் இந்த வகை மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. நிறுத்தியதால் சிறுநீரகம் எந்த வகையிலும் தேறவில்லை. செய்ய வேண்டியது, ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது. சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசினிலும் இதே மாதிரி ஆரம்பத்தில் ஒரு சின்ன இறக்கம் வரும், பிறகு அதுவே காப்பாற்றும்.

முதல் பத்தியில் உடன்பட மாட்டேன். முதுகு வலிக்காரர் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டாம். சர்க்கரை, பிரஷர், 60க்கு மேல் வயது, இதய நோய், காலில் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் ஊசியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக உப்பு எவ்வளவு என்று பார்த்தீர்கள்? நம் ஊரில் கிரியேட்டினினை அப்படித்தான் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. பார்த்ததே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

#10 மூணாம்நம்பர் டோக்கன்

அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதுக்கு நேரம் ஆகாது. ஊசிக்குப் பதிலாக என்ன கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். டிரமடால் என்றால் அதற்கும் அளவு குறைக்க வேண்டும், வாந்தி வேறு.

#11 நெஃப்ரான்

பாரசிட்டமால் 650 நேரம் தவறாமல் மூன்று வேளை. வலி வந்த பிறகு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்பவர்களுக்கு இந்த நேரக்கணக்குதான் வித்தியாசம். முட்டிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தேய்க்கலாம், மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஒத்தடம், பிசியோதெரபி. டிரமடால் என்றால் குறைந்த அளவில், இடைவெளி விட்டு. மார்ஃபின் வேண்டாம், அதன் கழிவுப்பொருளே சிறுநீரகம் கெட்டவரிடம் தேங்கி மூச்சை அடக்கும். இது போதாது என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். பாதிப் பேருக்குப் போதாதுதான்.

#12 மூலிகைமுற்றம் (திண்டுக்கல்)

இத்தனை ரசாயனத்துக்கு நடுவே ஒருவர்கூட நெருஞ்சில், மூக்கிரட்டை என்று சொல்லவில்லையே. பக்கவிளைவே இல்லாத மருந்து நம் கொல்லையில் இருக்கிறது.

#13 நெஃப்ரான்

கொல்லையில் ஆடுதீண்டாப்பாளையும்தான் இருக்கிறது. ஆடு தீண்டாததற்குக் காரணம் இருக்கிறது. அதிலும் ஈசுவரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சுருக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993ல் வெளியே வந்தது. அங்கே கலந்திருந்ததும் இந்தக் குடும்பத்துச் செடிதான்.

பஸ்பம், செந்தூரம் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022ல் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகை நோயோடு வந்தவர்களில் பலர் நாட்டு மருந்து எடுத்தவர்கள், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பதுதான் இதில் நல்ல செய்தி. சித்த மருத்துவரிடம் போவதைத் தடுக்கவில்லை. புட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள், கிரியேட்டினின் எண்ணை அவரிடமும் காட்டுங்கள்.

#14 நெறியாளர்

சித்தமா அலோபதியா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அடுத்து வந்த சில பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

#15 வன்னிப்பெட்டை (வவுனியா)

எங்கட பக்கம் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுது என்று ஆட்கள் இருக்கிறார்கள். அனுராதபுரம், பொலன்னறுவைதான் கூடுதல், வவுனியாவிலும் உண்டு. பெரும்பாலும் வயல் வேலை செய்யும் ஆண்கள். காரணம் இதுதான் என்று இன்னும் ஒருவரும் முடிவாகச் சொல்லவில்லை. முதுகு நோ என்று கண்ட கண்ட குளிசை எடுக்காதையுங்கோ, பனடோல் மட்டும் போடுங்கோ என்று கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்லுவினம்.

ஒரு விஷயம் எழுத வந்தேன். இங்கே ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஆளுக்கொரு கிளினிக் கொப்பி. மருந்து, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதிலேயே எழுதுவார்கள். அப்பா கண் கிளினிக்குக்குப் போனாலும் கொப்பியைக் கொண்டு போவார். தனியார் டொக்டரிடம் போகும்போது மட்டும் கொப்பி வீட்டில் கிடக்கும். பிரச்சினை வந்ததெல்லாம் அப்படிப் போன நேரத்தில்தான்.

அப்பாவின் ரிப்போட்டில் கிரியேட்டினின் 115 என்று இருக்கிறது. உங்கள் 1.3ஐப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. இது என்ன கணக்கு?

#16 நெஃப்ரான்

பயப்பட வேண்டாம் தங்கச்சி. அது மைக்ரோமோல் அளவு. 88.4ஆல் வகுத்தால் 1.3. வைகைக்கரையின் அம்மாவுக்கு வந்த அதே எண். ஆனால் அப்பாவின் வயதும் எடையும் வேறு, அதனால் விடையும் வேறாக வரும். கொப்பியில் எடை எழுதியிருப்பார்களே, அதை வைத்து அங்கேயே கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

#17 இரவுப்பணி (செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு)

டயாலிசிஸ் நோயாளி காய்ச்சலோடு வந்தால் சில இளம் டாக்டர்கள் முதல் டோஸையே பாதியாக எழுதுகிறார்கள். எங்கள் மூத்த மருத்துவர் அதைப் பார்த்தாலே சத்தம் போடுவார். முதல் டோஸ் உடம்பை நிரப்புவதற்கு, அதற்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்தடுத்த டோஸைத்தான் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். செஃபிபிம் என்ற ஆன்டிபயாடிக் முழு அளவில் மூன்று நாள் போன பாட்டி பேச்சுக் குழறி, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தார். பக்கவாதம் என்று ஸ்கேன் எடுத்தார்கள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மருந்தை மாற்றியதும் தெளிந்தார். இப்போது கிட்னி நோயாளி திடீரென்று உளறினால் டிரிப் ஸ்டாண்டில் என்ன தொங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

#18 ஒத்தையடிப்பாதை (திருச்சி)

உளறல் என்றதும் எழுதத் தோன்றியது. அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். விடாத விக்கல் வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் தசையைத் தளர்த்தும் பேக்ளோஃபென் 10 மி.கி. மூன்று வேளை கொடுத்தார்கள். மறுநாள் மதியம் என்னை யார் என்று கேட்டார், சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை. டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியன் தம்பிதான் புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா அண்ணா என்று கேட்டார். டாக்டர் பார்த்துவிட்டு அவசரமாக டயாலிசிஸ் போட்டார், மறுநாளும் போட்டார். அப்புறம்தான் கண் திறந்து காபி கேட்டார். கிளினிக்கில் டயாலிசிஸ் நோயாளி என்று சொல்லித்தான் மருந்து வாங்கினோம், கையில் டயாலிசிஸ் ஊசி போட வைத்த ஃபிஸ்துலாவும் தெரிகிறது.

#19 நெஃப்ரான்

விக்கலும் பேக்ளோஃபெனும் சிறுநீரகத் துறையில் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருக்கும் ஜோடி. விக்கல் வருவதே பெரும்பாலும் யூரியா ஏறியதால்தான். அதற்குக் கொடுக்கும் மருந்து வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு பேக்ளோஃபென் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

இதே வரிசையில் இன்னொன்று அக்கி. அதற்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் இரண்டுமே சிறுநீரில் போகிறவை. வழக்கமாக வாலாசைக்ளோவிர் 1000 மி.கி. மூன்று வேளை. 30க்குக் கீழே உள்ளவருக்கு அது நாளைக்கு ஒன்று, 10க்குக் கீழே 500 மி.கி. ஒன்றுதான். மூன்று வேளையும் போட்டால் சுவரில் ஆள் தெரிகிறது என்பார்கள், பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போன குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். செங்காவியால் அக்கி எழுதினால் நோய் தீராது, ஆனால் சிறுநீரகத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்ற அளவில் குயவர் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

#20 கல்லாப்பெட்டி

சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரன்டாயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30க்குக் கீழே போனால் மருந்து சிறுநீருக்குள் போதிய அளவு வராது, கடுப்பு தீராது, நரம்பைப் பாதிப்பதுதான் மிச்சம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதும் பொட்டாசியம் குளோரைடு கலந்ததுதான். பொட்டாசியத்தை ஏற்றும் டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகளை எடுக்கும் கிட்னிக்காரர் அதை வாங்கும்போது நான் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். இளநீருக்கும் அதே கதை, ஆனால் இளநீர் என் கடையில் இல்லை.

#21 கணக்குப்பிள்ளை

வாந்தி, பேதி வந்தால் எதை நிறுத்துவது? முன்பு ஒருவர் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்று பயமுறுத்தினார், அப்படியே விட்டுவிட்டார்.

#22 நெஃப்ரான்

விட்டதற்கு மன்னிக்கவும். சாப்பாடும் தண்ணீரும் உள்ளே தங்காத நாட்களில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் வகை, நீர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் வகை, வலி மாத்திரை, இவற்றை நிறுத்தி வைக்கும்படி சொல்வோம். கிளிமிபிரைடு வகையையும் சாப்பிடாமல் இருக்கும்போது போடக் கூடாது. இன்சுலினை மட்டும் நீங்களாக முழுசாக நிறுத்தாதீர்கள், ஃபோன் செய்து கேளுங்கள். இந்த அறிவுரையால் எவ்வளவு பேர் தப்பித்தார்கள் என்பதற்கு வலுவான ஆய்வு இல்லை என்று என் நண்பர்களே வாதிடுவார்கள். அவர்கள் பயம் என்னவென்றால் நிறுத்தியவர்கள் திரும்ப ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது. அதனால் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்: வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் மறுபடியும் தொடரவும். இரண்டு நாளில் வாந்தி நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

#23 வைகைக்கரை

நிலவரம் சொல்கிறேன். அன்றே சேர்த்துவிட்டோம். நீர் மாத்திரையை எடுத்துவிட்டு டெல்மிசார்டன் மட்டும் தொடர்கிறார்கள், பிரஷருக்கு ஆம்லோடிபின் சேர்த்திருக்கிறார்கள். சோடியம் 134க்கு வந்துவிட்டது. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளிமிபிரைடுக்குப் பதில் லினாக்ளிப்டின். பிரீகாபலின் இறக்கி இறக்கி இப்போது இரவில் 25 மட்டும். அசிக்ளோஃபினாக் நின்றது. கிரியேட்டினின் 1.1. சிறுநீரில் புரதம் போகிறதாம், அதற்கு மாதிரி எடுத்திருக்கிறார்கள்.

தூக்கம் போய்விட்டது, தள்ளாட்டம் போய்விட்டது. முட்டி வலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார். நல்லா இருந்த மாத்திரையை நிறுத்திட்டான் என்று சொந்தக்காரர்களிடம் புகார். கால் எரிச்சலும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

#24 மூணாம்நம்பர் டோக்கன்

அம்மா திட்டுவது நியாயம்தான். ஜெல்லும் பிசியோதெரபியும் ஆரம்பியுங்கள். கால் எரிச்சலுக்கு 25ஐக் கொஞ்சம் கூட்ட இடமிருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கிரியேட்டினின் 1.1க்குக் கணக்குப் போட்டால் 34 வருகிறது. நானும் போட ஆரம்பித்துவிட்டேன் நெஃப்ரான் சார், ஃபோனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. கிளினிக்கில் ஒரு எடை மிஷினும் வாங்கி வைத்திருக்கிறேன்.

#25 ஒத்தையடிப்பாதை

கடைக்கார அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அப்பாவுக்கு தைராய்டு மாத்திரையும் உண்டு. பாஸ்பரஸ் குறைக்க செவலமர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டுவிடுகிறார். பரவாயில்லையா? டயாலிசிஸ் நாளில் எதை முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது?

#26 கல்லாப்பெட்டி

ஒன்றாகப் போடக் கூடாது தம்பி. செவலமர் தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏறாது. தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். செவலமர் சாப்பாட்டோடுதான், சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ தனியாகப் போட்டால் பயனில்லை. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இருந்தால் நல்லது. காலையில் இட்லி சீக்கிரம் சாப்பிடுவார் என்றால் தைராய்டு மாத்திரையை ராத்திரி படுக்கப்போகும்போது, செவலமர் போட்டு 4 மணி நேரம் கழித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் நாளில் பி-காம்ப்ளக்ஸ் போன்ற வைட்டமின் மாத்திரைகள் முடிந்து வந்த பிறகு, முன்னால் போட்டால் மிஷினிலேயே போய்விடும். ஊசி, ஆன்டிபயாடிக் இருந்தால் அதுவும் பெரும்பாலும் பிறகுதான். பிரஷர் மாத்திரை ஆளுக்கு ஆள் மாறும், டயாலிசிஸ் நடுவில் அப்பாவுக்கு பிரஷர் இறங்குகிறதா என்று சென்டரில் எழுதி வைத்திருப்பார்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.